ஷட்டர் இறங்கிய பின் புறக்கோட்டை

கொழும்புப் புறக்கோட்டையில் பகலில் பாட்டுக் கேட்க முடியாது. பாட்டு இல்லாமலில்லை, அளவு மீறி இருக்கிறது. முதலாம் குறுக்குத் தெருவின் மின்சாதனக் கடைகள் ஆளுயர ஸ்பீக்கர்களை வாசலில் நிறுத்தி, அவற்றின் பலத்தைத் தெருவுக்கு நிரூபித்துக்கொண்டே இருக்கின்றன. ஒன்றில் பைலா. அடுத்ததில் அனிருத். எதிர்க்கடையில் இந்தி. நடுவே லொத்தர்ச் சீட்டு விற்பவரின் ஒலிபெருக்கி. தள்ளுவண்டியில் மூட்டைகளைக் கோபுரமாக அடுக்கிய நாட்டாமிகள், நம் குதிகாலுக்கு ஓர் அங்குலம் பின்னால் வந்த பிறகுதான் குரல் கொடுக்கிறார்கள். பஸ் நிலையப் பக்கம் போனால் நடத்துநர்கள் “மஹரகம மஹரகம மஹரகம” என்று மூச்சு விடாமல் ஓதுகிறார்கள். மூச்சு எங்கே எடுக்கிறார்கள் என்று உற்றுக் கேட்டேன். பிடிபடவில்லை.

சென்னை ரங்கநாதன் தெருவுக்குப் பழகிய காதுதான் எனக்கு. ஆனாலும் இரண்டாம் குறுக்குத் தெருவில் ஜாமிஉல் அல்பர் பள்ளிவாசலுக்கு முன்னால் நின்றுவிட்டேன். 1908-இல் தொடங்கி மறு ஆண்டு கட்டி முடித்தது. சுவர், தூண், மினார் என்று ஓரிடம் விடாமல் சிவப்பும் வெள்ளையும் ஒரே அளவில் மாறி மாறி ஓடுகின்றன. சில இடங்களில் நேர்கோடு, சில இடங்களில் முறுக்கு, சில இடங்களில் சதுரம். அளவு மட்டும் எங்கும் தப்பவில்லை. என்னை அழைத்துவந்த தம்பி சொன்னான்: “ஊர்லயிருந்து வாற எல்லாரும் இதுல நிண்டு படம் எடுப்பாங்க அண்ணா. நீங்களும் எடுங்க. ஆனா நான் காட்ட வந்தது இது இல்ல. ஆறு மணியாகட்டும்.”

தம்பி கொட்டாஞ்சேனைக்காரன். வெள்ளவத்தையில் நான் தங்கியிருந்த வீட்டுக்காரரின் உறவு. பகலில் கெய்சர் வீதியில் மாமாவின் துணிக்கடையில் கணக்குப் பார்க்கிறான், இரவில் டெக்னோ செய்கிறான். ‘செய்கிறான்’ என்பது அவன் வார்த்தை. வாசிக்கிறான், இசையமைக்கிறான் என்றெல்லாம் அவன் சொல்வதில்லை. நான் திருவாரூர்ப் பக்கத்து ஆள், நாகஸ்வரம் தவில் கேட்டு வளர்ந்தவன் என்று வீட்டுக்காரர் சொல்லிவைத்திருந்தார். “அப்ப நீங்க ஒருக்கா வந்து கேக்கத்தான் வேணும்” என்று கட்டாயப்படுத்தினான். காலி வீதியில் 100-ஆம் இலக்க பஸ்ஸைப் பிடித்து வந்து இறங்கியிருந்தேன்.

ஆறு மணி ஆனது. முதலில் ஒரு ஷட்டர். பிறகு அதற்கு நான்கு கடை தள்ளி இன்னொன்று. அப்புறம் தெரு முழுக்க இரும்பு இறங்கத் தொடங்கியது. கரகரவென்று உருண்டு வந்து தரையில் ‘தொம்’மென்று ஒரு முடிவு. மேலிருந்து உருண்ட சத்தம் நீளமாக, கீழே விழுந்த சத்தம் கட்டையாக. நடைபாதைக் கடைக்காரர்கள் சாமான்களைத் தார்ப்பாயில் சுருட்டினார்கள். அரை மணி நேரத்தில், கால் வைக்க இடமில்லாத தெருவின் நடுவில் ஒரு நாய் படுத்துக்கொண்டது. பஸ் நிலையமும் கோட்டை ரயில் நிலையமும் அந்தப் பக்கம் இரைந்துகொண்டுதான் இருந்தன. மொத்த வியாபாரம் நடக்கும் குறுக்குத் தெருக்களில் மட்டும் ஊரே காலி. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் ஜனம் நெருக்கியடித்து வாழ்கிறது. இந்த நடுப்பகுதியில் குடியிருப்போர் குறைவு. சத்தம் போட்டால் கோபிக்க ஆளில்லை.

டெக்னோவுக்குக் காலி இடம் வேண்டும். அது பிறந்த டெட்ராய்ட், கார்த் தொழில் சரிந்து மக்கள் வெளியேறிய நகரம். ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று கறுப்பின இளைஞர்கள், பெல்வில் என்ற சிற்றூரில் ஒன்றாகப் பள்ளியில் படித்தவர்கள், எண்பதுகளில் மலிவாகக் கிடைத்த ஜப்பானிய இசை இயந்திரங்களை வைத்து அதை உண்டாக்கினார்கள். 1988-இல் வெளிவந்த ஒரு தொகுப்புத் தட்டின் வழியாக அந்தப் பெயர் கடல் தாண்டியது. பெர்லினில் சுவர் இடிந்த பிறகு கிழக்குப் பக்கத்தில் கேட்பாரற்றுக் கட்டடங்கள் கிடந்தன. 1991-இல் வெர்ட்ஹைம் என்ற பழைய பேரங்காடியின் நிலத்தடிப் பெட்டக அறையில் ‘ட்ரெசோர்’ கிளப் திறந்தது. 2024-இல் ஜெர்மனி, பெர்லின் டெக்னோவைத் தன் நாட்டு மரபுப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. பாழடைந்த கட்டடத்தில் திருட்டுத்தனமாக ஆடியவர்களுக்கு அரசாங்க மரியாதை.

அந்த இரண்டு நகரங்களும் ஒரு பெரிய வீழ்ச்சிக்குப் பிறகு காலியானவை. புறக்கோட்டை தினமும் மாலையில் காலியாகி, தினமும் காலையில் பிதுங்குகிறது. இதைக் கொழும்பின் மின்னிசைக்காரர்கள் கவனிக்காமல் விடவில்லை. அஸ்வஜித் பொயில் என்ற டெக்னோ கலைஞரும் அவருடைய ‘ஜம்புடெக் ரெக்கார்டிங்ஸ்’ என்ற சிறு இசை வெளியீட்டகமும் இங்கே இந்த இசையை வேர் பிடிக்க வைத்தவர்களில் முக்கியமானவர்கள். 2010-களில் ‘பெட்டா இன்டர்சேஞ்ச்’ என்ற பெயரில், ஜெர்மனியின் கோதே நிறுவனத்தின் துணையோடு, புறக்கோட்டையின் பழைய கட்டடங்களுக்குள் மின்னிசை இரவுகள் நடந்தன. உள்ளூர் ஆட்களும் வெளிநாட்டு ஆட்களும் சேர்ந்து வாசித்தார்கள். வெங்காய மூட்டை ஏறி இறங்கும் தெருவுக்கு, அதுவரை இந்தப் பக்கமே வராத, வசதியான கொழும்பு ஏழு பிள்ளைகள் ஓட்டோ பிடித்து வந்தார்கள் என்று தம்பி சிரித்தான். அவன் அப்போது பள்ளிக்கூடப் பையன். அண்ணன்மார் வந்து சொன்ன கதைதான் அவனுக்குத் தெரியும். “நான் ஒண்டுக்கும் போகல்ல. ஆனா அந்தக் கதைதான் என்னைக் கெடுத்தது” என்றான்.

மாமாவின் கிட்டங்கி முதல் மாடியில். மரப்படி. சுவிட்சைப் போட்டதும் நான் கண்டது ஸ்டூடியோ அல்ல, கூரை வரைக்கும் அடுக்கிய துணிக் கட்டுகள். சட்டைத் துணி, சாரத் துணி, திரைச்சீலை. நடுவே ஒரு மேசை, லேப்டாப், சின்னக் கீபோர்டு, இரண்டு ஸ்பீக்கர், தரையில் ஒரு சப்வூஃபர். பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களில் சுவரெல்லாம் பஞ்சுப் பலகை அடித்து எதிரொலியைக் கொல்வார்கள். இங்கே மாமாவின் முதலீடு அந்த வேலையை இலவசமாகச் செய்கிறது. கையைத் தட்டிப் பார்த்தேன். தட்டிய சத்தம் தட்டிய இடத்திலேயே செத்தது.

“பண்டிகைக் காலத்துல துணியெல்லாம் வித்துப்போயிரும் அண்ணா. அப்ப சவுண்ட் கெட்டுப்போகும். ஜனவரியில ஒரு ட்ராக்கும் முடிக்கமாட்டன்.”

கிக்கைப் போட்டான். டெக்னோவின் அடித்தளம் அதுதான். ஓர் ஆவர்த்தத்துக்கு நான்கு அடி, நான்கும் ஒரே கனம், நிமிஷத்துக்கு 130. ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் நடுவே அரை விநாடிகூட இல்லை. 1983-இல் வந்த ரோலண்ட் டிஆர்-909 என்ற தாள இயந்திரத்தின் சாயலில் அவன் வடித்தெடுத்த ஒலி. தவிலின் தொப்பியைக் கழியால் ஓங்கி அடித்து, அதில் கழியின் கட்டைச் சத்தத்தை மட்டும் உருவி எடுத்துவிட்டால் மிச்சம் இருக்குமே, அது மாதிரி. காதில் விழுவதற்கு முன்பே விலாவில் விழுகிறது.

இந்த இடத்தில்தான் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. கீழே தெருவிலிருந்து பதில் வந்தது. கிர்ர், கிர்ர் என்று நான்கு அடிக்கும் நான்கு பதில். ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தேன். ஷட்டர்கள். துணிக் கட்டுகள் கூர்மையான ஒலிகளை விழுங்குகின்றன. தடித்த ஒலியை அவற்றால் பிடித்துவைக்க முடியாது. அது பலகைத் தரையையும் சுவரையும் கடந்து தெருவுக்கு இறங்கிவிடுகிறது. தம்பியின் கிக்கில் கனமான பகுதி 50 ஹெர்ட்ஸ் பக்கம் நிற்கிறது. காற்றில் அந்த அலையின் நீளம் ஏறக்குறைய 7 மீட்டர். அந்தச் சந்தின் அகலத்தைக் கண்ணால் அளந்து பார்த்தேன், கிட்டத்தட்ட அவ்வளவுதான். இந்தப் பக்கத்து ஷட்டருக்கும் அந்தப் பக்கத்து ஷட்டருக்கும் நடுவே ஓர் அலை அச்சில் வார்த்ததுபோல் நின்று ஆடுகிறது. பகலெல்லாம் துணி விற்ற கடைகள் ராத்திரியில் ஜால்ரா போடுகின்றன.

“வோச்சர் மாமாவுக்கு இப்ப பழகிட்டுது” என்றான் தம்பி. காவலாளி கீழே முக்காலியில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கால் மட்டும் ஆடியது.

கிக்கை நிறுத்தாமல் கீபோர்டில் கை வைத்தான். கறுப்புக் கட்டைகள் மட்டும். ஐந்து சுரம், ஏறி இறங்கிச் சுழன்று வந்தன. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கெட்டியான சுத்த தன்யாசி. அவனுக்கு அந்தப் பெயர் தெரியாது. ‘மைனர் பென்டடோனிக்’ என்றான். கீபோர்டில் உள்ள ஐந்து கறுப்புக் கட்டைகளை வைத்துக்கொண்டு, எதை ஸட்ஜமாகப் பிடிக்கிறோம் என்பதை மட்டும் மாற்றினால் மோகனம், மத்யமாவதி, ஹிந்தோளம், சுத்த சாவேரி, சுத்த தன்யாசி என்று ஐந்து ராகமும் வந்துவிடும். நம் ஊரில் கிரக பேதம் என்று வித்வான்கள் சபையில் செய்து கைதட்டு வாங்குவது. சொன்னேன். அவன் நம்பவில்லை. ஒவ்வொரு கட்டையாக மாற்றச் சொல்லி நான் பாட, அவன் வாசிக்க, ஒரு மணி நேரம் போனது. ஹிந்தோளத்துக்கு வந்தபோது அவனே கிக்கைக் குறைத்தான். “இது வேற மாதிரி இருக்கு அண்ணா. இதுக்கு இவ்வளவு அடி வேணாம்.” சரியான காது.

கடும் தாளத்தில் ராகத்தை ஏற்றுவது புதிதல்ல. 1982-இல் பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற சினிமா வாத்தியக்காரர், ‘டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்கள்’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு தட்டு வெளியிட்டார். ரோலண்டின் மூன்று இயந்திரங்கள்: தாளத்துக்கு டிஆர்-808, தந்திபோல் இழையும் கீழ்ஸ்தாயிக்கு டிபி-303, மேலே ராகத்துக்கு ஜுபிடர்-8. நம் மோகனமான பூபாலியும் ஹிந்தோளமான மால்கௌன்ஸும் அதில் உண்டு. தட்டு விற்கவில்லை. மறந்துபோனது. ஐந்து ஆண்டு கழித்து, 1987-இல், சிகாகோவில் அதே 303-ஐ வைத்து ‘ஆசிட் ட்ராக்ஸ்’ என்ற தட்டு வந்தபோது உலகம் அதைப் புதுப் பிறவி என்று கொண்டாடியது. 2010-இல் சரண்ஜித் சிங்கின் தட்டு மறுபதிப்பாக வந்த பிறகுதான் ஐரோப்பியக் கிளப்காரர்கள் தலையில் கை வைத்தார்கள். அவர் 2015-இல் காலமானார். நல்லவேளை, அதற்குள் மேடையேறி அதை வாசித்துவிட்டார்.

303-இல் ஒரு சின்ன வசதி உண்டு: ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாமல் வழுக்கிச் செல்லும். பேஸ் கிட்டாருக்கு மாற்றாக விற்கப் பார்த்து, அதில் தோற்ற இயந்திரம் அது. கிட்டார்க்காரனுக்கு உதவாத வழுக்கல், ராகம் தெரிந்தவன் கையில் ஜாரு ஆனது. சரண்ஜித்தின் கண்ணில் அது பட்டிருக்க வேண்டும். வெறும் சுர வரிசையைக் கிக்கின் மேல் அடுக்கினால் அது ராகமாகாது. டெரிக் மே 1987-இல் வெளியிட்ட ‘ஸ்டிரிங்ஸ் ஆஃப் லைஃப்’ வேறு வழியில் போயிற்று. பியானோவும் தந்திவாத்திய ஒலியும் அதில் வெட்டி வெட்டி வருகின்றன. பேஸ் லைனே இல்லை. அடியில் ஓர் அடுக்கே இல்லாததால் மெலடிக்கு இடம் கிடைத்துவிடுகிறது.

இப்போது கடற்கரை விடுதிகளிலும் பணக்காரக் கல்யாணங்களிலும் ஓடும் ‘மெலடிக் டெக்னோ’வின் பெரும்பகுதி எனக்குச் சகிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சோகமாக நாலு சுரம், பெருமூச்சு, நீளமான நிறுத்தம், பிறகு வாணவேடிக்கை. தம்பி அதைப் பற்றி நாகரிகமாக ஒன்றும் சொல்லவில்லை, உதட்டைப் பிதுக்கினான். கொத்து ரொட்டித் தகட்டின் சத்தத்தை எடுத்து ட்ராக்கில் சேர்ப்பதும் அவனுக்குப் பிடிக்காது. “லங்கா எண்டாலே கொத்துச் சத்தம் போடோணும் எண்டு வெளிநாட்டுக்காரன் எதிர்பார்க்கிறான். நான் போடமாட்டன்.” எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாயா அருள்பிரகாசம் சென்னையில் உறுமிக்காரர்களை வைத்துப் பதிவு செய்து 2007-இல் ‘கலா’ தொகுப்பில் சேர்த்ததைப் பற்றிக் கேட்டேன். அதை மட்டும் மதிக்கிறான். “அதுல உறுமி விருந்தாளி இல்ல. அதுதான் வீட்டுக்காரன்.”

பிறகு அவன் திரையில் ஒன்றைக் காட்டினான். மெலடியின் ஒலியளவைக் காட்டும் கோடு, கிக் விழும் ஒவ்வொரு கணமும் பள்ளத்தில் இறங்கி மேலே ஏறுகிறது. ‘சைட்செயின்’ என்கிறார்கள். இரண்டும் ஒன்றாக ஒலித்தால் குழம்பும் என்பதால், கிக் வரும்போதெல்லாம் மெலடி தானாகக் குனிந்து வழி விடும்படி ஏற்பாடு. கிளப் இசையில் நாம் கேட்கும் அந்த மூச்சு வாங்கல் இதனால் வருவதுதான். நிமிஷத்துக்கு 130 கும்பிடு.

என் வளர்ப்புக்கு இது உறுத்தியது. மேளத்தில் குனிய வேண்டியவர் யார்? நாகஸ்வரக்காரர் ஆலாபனை எடுத்தால் தவில் அவருக்கு இடம் விட்டு அடிக்கும். கீர்த்தனையில் வார்த்தை விழும் இடம் பார்த்து அடி விழும். சங்கதி கனத்தால் அடியும் கனக்கும். தனி ஆவர்த்தனத்தில் தவிலுக்குத் தன் ராஜ்ஜியம், அப்போது நாகஸ்வரம் மடியில். விரல்களில் கெட்டிக் கூடு மாட்டிக்கொண்டு வலந்தலையில் பேசுகிறவர், உலகத்தில் எந்த கிக்குக்கும் குறையாத சத்தம் எழுப்பக்கூடியவர், காதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் அடிக்கிறார். இலங்கைக்காரனுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டுமா? யாழ்ப்பாணத்துத் தவில் வித்வான் தட்சிணாமூர்த்தி 1975-இல் மறைந்தார். எங்கள் பக்கத்துத் தவில்காரர்கள் இன்றும் அந்தப் பெயரைச் சொல்லும்போது துண்டை இடுப்புக்கு இறக்குகிறார்கள். தம்பி அவரைப் பெயராகத்தான் அறிவான். செட்டியார் தெருக் கதிர்வேலாயுத சுவாமி கோயில்களிலிருந்து ஆடிவேல் விழா ரதம் பம்பலப்பிட்டிக்குப் புறப்படும் நாளில் மேளம் கேட்டிருக்கிறான். ரதத்தோடு நடந்தும் இருக்கிறான். “ஆனா அதை நான் வேலையா யோசிக்கல்ல” என்றான்.

ஒன்பது மணிக்கு அவன் மாமா படியேறி வந்தார், கையில் பார்சல் சோறு. கொஞ்ச நேரம் நின்று கேட்டார். ஒன்றும் சொல்லாமல் ஜன்னலை மட்டும் சாத்தினார். பிறகு என்னிடம், இந்தத் தெருவில் ‘தொம்’மென்று கேட்டால் தனக்கு முதலில் ஞாபகம் வருவது வேறு என்றார். 1983 ஜூலையில் புறக்கோட்டையில் தமிழர் கடைகள் எரிந்தபோது அவர் சிறுவன். 1987 ஏப்ரல் 21-இல் மத்திய பஸ் நிலையத்தில் குண்டு வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது கடையில் இருந்தார். ஷட்டர்கள் அன்றும் அதிர்ந்தன. “பிள்ளை செய்யட்டும்” என்றார். “கொஞ்சம் மெதுவாச் செய்யச் சொல்லுங்க.” தம்பி சப்வூஃபரைக் குறைத்தான். மாமா இறங்கிப் போன பிறகும் அதைக் கூட்டவில்லை.

குறைந்த ஒலியில்தான் அந்த யோசனை வந்தது. அவன் பயன்படுத்தும் ஏபிள்டன் லைவ் மென்பொருளின் 11-ஆம் பதிப்பு 2021-இல் வந்தபோது ஒரு புது வசதி சேர்ந்தது: மைக் வழியாக வரும் தாளத்தைக் கேட்டு, இயந்திரம் தன் வேகத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளும். மேளம் அடிப்பவர் முந்தினால் முந்தும், இழுத்தால் இழுக்கும். அவன் ஒருநாளும் அதைத் தொட்டதில்லை. டெக்னோவுக்கு எதற்கு? “போடுங்க தம்பி” என்றேன்.

மேசைமேல் மைக்கை வைத்தான். நான் ஒரு காலி அட்டைப்பெட்டியை மடியில் கவிழ்த்து, அவன் வேகத்திலேயே தட்டினேன். கிக் என்னோடு நின்றது. மெல்ல இழுத்தேன். 126, 124, 121. திரையில் எண் இறங்க இறங்கக் கிக்கும் இறங்கியது, சுத்த தன்யாசியும் கூடவே இறங்கித் தளர்ந்து நடந்தது. முழு ஊரும் கால் மாற்றி நடப்பது போலிருந்தது. கைக்கு இவ்வளவு அதிகாரம் என் வாழ்நாளில் கிடைத்ததில்லை. ஆசை விடவில்லை, மும்மூன்றாகத் தட்டும் திஸ்ரத்துக்குத் தாவினேன். இயந்திரம் தடுமாறி, 180-க்கு ஓடி, அங்கிருந்து 90-க்கு விழுந்து, சோற்றுப் பார்சலைத் திறந்துகொண்டிருந்த தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

“நேரா அடிச்சாத்தான் விளங்கும் அதுக்கு. கணக்கு வழக்கெல்லாம் இன்னும் படிக்கல்ல.” சிறிது நேரம் சாப்பிட்டான். பிறகு கேட்டான்: “ஆடிவேலுக்கு வாற தவில்காரர் ஒராள்கிட்டக் கேட்டா, இங்க வந்து வாசிப்பாரா அண்ணா? நேரா ஒரு பாகம், பிறகு அவர் இஷ்டம். நான் கிக்கை அவர் பின்னால விடுறன். மெலடியைக் குனிய வைக்கமாட்டன்.”

கேட்டுப் பார்க்கலாம் என்றேன். நேரில் போக வேண்டும், போனில் கேட்கக் கூடாது. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், அதன்மேல் முன்பணம். அவன் போனில் குறித்துக்கொண்டான். இன்னொன்றையும் குறித்துக்கொள்ளச் சொன்னேன்: 130 என்ற எண்ணை அவர் காதில் போட்டுவிடாதே.